குடும்ப டிக்கெட்

தம்பியின் கார் தெருமுனையில் ஹாரன் அடித்தாலே மைக்கம்மாவுக்குத் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும். பழக்கதோஷம். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவளுக்கு வாய்தான் சோறு போடுகிறது. அந்த வாய் தம்பி குடும்பத்துக்கு மட்டும் வருஷக்கணக்காக இனாமாக உழைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று திரும்பிப் பார்ப்பாள். டிரைவர்கள், கண்டக்டர்கள், டீக்கடைக்காரர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் நிலைய மேலாளர்கள் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. நிலையத்தின் மாடியில், விசாரணைக் கவுன்டருக்கு நேர்மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், அதற்கு அவளே துணியில் தைத்துப் போட்ட தொப்பி, ஒரு மின்விசிறி. பேசும்போது விசிறியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வண்டி நம்பருக்குப் பதிலாக மைக்கில் புயல்தான் கேட்கும். அதனால் ஊருக்கெல்லாம் வழி சொல்கிற நேரம் முழுக்க அவள் வியர்த்துக்கொண்டே சொல்வாள்.

அறிவிப்பைவிடப் பெரிய வேலை ஒன்று அந்தக் கூண்டில் அவளுக்கு இருந்தது. கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளைக் காவலர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து அவளிடம்தான் விடுவார். பெற்றவர்கள் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை அழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிட்டாய் கொடுப்பதெல்லாம் அரைகுறைகளின் வழி என்பாள். மிட்டாய் கரைந்ததும் அழுகை மறுபடி ஆரம்பித்துவிடும். அழுகிற பிள்ளைக்கு வேலை கொடுக்க வேண்டும். நீதான் இனிமேல் விளக்கு அதிகாரி, நான் கை காட்டினால் இந்தச் சிவப்பு விளக்கைப் போடு என்று சொல்லிவிட்டால், மூக்கை உறிஞ்சிக்கொண்டே அது விறைப்பாக உட்கார்ந்துவிடும். சில பிள்ளைகள் அம்மா வந்த பிறகும் வேலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததுண்டு.

இந்தத் திறமையைத்தான் தம்பி மோப்பம் பிடித்து வைத்திருந்தான். அவன் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். எந்தப் பொருள் எதற்கு உதவும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிற கண் அவனுக்கு. ஊரைவிட்டுத் தூரமாகப் போகிற பயணம் என்றால் அக்கா வேண்டும். பக்கத்துத் தெரு விசேஷம் என்றால் அக்கா ஞாபகத்துக்கு வருவதில்லை. கறிவேப்பிலை என்றால்கூட குழம்பு கொதித்து முடியும்வரை உள்ளே கிடக்கும்.

முதலில் மிருகக்காட்சி சாலை. அப்போது சின்னவன் கைக்குழந்தை. வெயிலில் குழந்தை வாடிப்போகும் என்று அவளையும் குழந்தையையும் வாசலிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். ஒரு சிங்கம் கர்ஜித்த சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. அடுத்தது கண்ணாடித் தொட்டிகளில் கடல்மீன் காட்டுகிற இடம். பைகளை உள்ளே விடமாட்டார்களாம், பைகளுக்குத் துணையாக அக்கா. அதற்கடுத்தது போன வருஷம், தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. எல்லோருடைய செருப்பும், கைக்கடிகாரமும், மாற்றுத் துணியும் அவள் மடியில். உனக்குத் தண்ணி ஒத்துக்காதேக்கா என்றான் தம்பி. தண்ணீர் அவளுக்கு என்றைக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது என்று அவளுக்கே தெரியாது. குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைத் தன்னை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

இந்த முறை அப்படியில்லை. அவனே போன் செய்து சொன்னான். புதிதாகத் திறந்திருக்கிற பெரிய பூங்கா, போய்ச் சேரவே பாதி நாள் ஆகும், அங்கே தலைகீழாகச் சுற்றிவருகிற ரயில் ஒன்று இருக்கிறது. "இந்தத் தடவை நீயும் அதுல ஏறணும்க்கா" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவள் செய்த காரியங்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அந்த ரயிலில் செருப்புப் போட்டு ஏற விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதற்காகக் கயிறு கட்டுகிற கான்வாஸ் ஷூ வாங்கினாள். விடுமுறைக்காக, கூட வேலை பார்க்கிற இன்னொருத்திக்குப் பதிலாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தான் வருவதாக எழுதிக் கொடுத்தாள். கூண்டில் ஆளில்லாத நேரங்களில் அந்த ரயிலின் வீடியோவைப் போனில் போட்டு, உச்சியிலிருந்து கீழே விழுகிற இடத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். டீக்கடைக்காரரிடமும் சொன்னாள், காவலரிடமும் சொன்னாள். இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா என்று காவலர் கேட்டதற்கு, எந்த வயசில் எனக்கு அது கிடைத்தது என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு நாற்பத்து நான்கு.

விடிந்தும் விடியாததுமாகக் கார் வந்தது. அவளுக்கு வழக்கமான இடம், பின்சீட்டின் நடு. காலுக்குக் கீழே வண்டியின் மேடு, இடப்பக்கம் பத்து வயதுப் பெரியவள், வலப்பக்கம் ஆறு வயதுச் சின்னவன். முன்னால் தம்பியும் அவன் மனைவியும். தம்பி மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பொறுமையாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தால் பொறுமை மிச்சமிருக்காது. காரில் ஏறியதும் இருக்கையைச் சாய்த்து, "அண்ணி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைக்கம்மா பார்த்துக்கொண்டாள். அவள் விளையாட்டு எளிமையானது. கார் இப்போது கார் இல்லை, பேருந்து. அவள் கண்டக்டர். பெரியவள் நேரக்காப்பாளர், கடந்துபோகிற ஒவ்வொரு பாலத்துக்கும் பெட்ரோல் பங்குக்கும் பெயர் வைத்து, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். முன்சீட்டில் குறட்டை விடுகிறவர் பயணி, அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, எழுப்பலாமா வேண்டாமா என்று ஆலோசனை. டிரைவர் அடிக்கடி கொட்டாவி விடுவதால் அவர்மேல் மேலிடத்துக்குப் புகார். மைக்கம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு நிலைய அறிவிப்புப் போலவே பேசினால் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். பயணிகளின் கனிவான கவனத்துக்கு, ஜன்னலோர இருக்கையில் மூக்கு நோண்டும் பயணி தன் உடைமையைத் தானே வைத்துக்கொள்ளவும் என்று அவள் சொன்னபோது தம்பியே வண்டியை ஒதுக்கி நிறுத்திச் சிரித்தான்.

பாதி வழி இப்படியே போனது. எப்போதும் போலச் சின்னவன்தான் முதலில் சிணுங்கத் தொடங்கினான். எனக்கு வேலையே இல்லை, அக்காவுக்கு மட்டும் வேலை என்று உதட்டைப் பிதுக்கினான். அழுகிற பிள்ளைக்கு வேலை கொடுக்க வேண்டுமே. நீதான் செக்கிங் இன்ஸ்பெக்டர், வண்டியில் எல்லோருடைய டிக்கெட்டையும் பரிசோதனை செய் என்றாள் மைக்கம்மா. வேறு எந்த வேலையாவது கொடுத்திருக்கலாம். கூண்டில் உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் அவள் அந்த வேலையைக் கொடுத்ததில்லை.

சின்னவன் கடமை தவறாதவன். பொய் டிக்கெட் அவனுக்குப் பிடிக்கவில்லை. நிஜ டிக்கெட் அப்பா போனில் இருக்கிறது என்று எட்டி எடுத்தான். பூங்கா அனுப்பிய டிக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு கட்டம். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளை, விரலை வைத்து உரக்கப் படித்தான். அப்பா, சரி. அம்மா, சரி. அக்கா, சரி. நான், சரி. அதற்குமேல் விரலை எவ்வளவு தள்ளினாலும் திரை நகரவில்லை.

"அத்தை, உங்க டிக்கெட் எங்க?"

மைக்கம்மா சிரித்த முகத்தோடுதான் போனை வாங்கிப் பார்த்தாள். குடும்ப டிக்கெட், பெரியவர்கள் இரண்டு, சிறியவர்கள் இரண்டு. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அதற்குள் பெரியவள் சின்னவனின் தலையில் செல்லமாகத் தட்டி, "லூசு, அத்தை கண்டக்டர்டா. கண்டக்டருக்கு ஏது டிக்கெட்" என்றாள்.

டிரைவர் சீட்டிலிருந்து தம்பி பெரிதாகச் சிரித்தான். தேவைக்கு மேலே கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் மைக்கம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் பெற்றவர்கள் கடைசிவரை வரமாட்டார்கள் என்று தெரிந்தும் வாசலைப் பார்க்கிற பிள்ளையைப் போல ஒரு கேள்வி கேட்டாள். எனக்குத் தனியாகப் போட்டிருக்கிறாயா என்று. அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பிறகு, குடும்ப டிக்கெட் என்றாலே நான்கு பேருக்குத்தான் தருகிறார்கள், அது அவர்கள் விதி, நான் என்ன செய்வது என்றான். பிறகு, உனக்குத்தான் உயரம் என்றால் தலை சுற்றுமே என்றான். ஒரு பொய்க்கு மூன்று காரணம். உண்மைக்கு ஒன்றே போதும்.

"குடும்பம்னா நாலு பேருன்னு அவங்க சொல்லிட்டாங்க, சரி. அப்ப நான் யாருடா?"

"அப்படியெல்லாம் பேசாதக்கா, பிள்ளைங்க இருக்கு" என்றான் அவன். தம்பி மனைவியின் கண்கள் மூடியே இருந்தன, ஆனால் குறட்டை நின்றுவிட்டிருந்தது.

மைக்கம்மா போனை முன்னால் நீட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இதில் நடிப்பு எதுவும் இல்லை. சொல்வதற்கு ஒரு வார்த்தைகூட உள்ளே இல்லை, இருந்ததெல்லாம் எரிச்சல். தன்மேலும்தான். கயிறு கட்டுகிற ஷூ மேட்டின்மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளை ஏமாற்றியவனுக்கு வராத வெட்கம் ஏமாந்தவளுக்கு ஏன் வரவேண்டும் என்று யோசித்ததில் எரிச்சல் இன்னும் ஏறியது.

அறிவிப்பு நின்ற பேருந்து நிலையம் எப்படி இருக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. முதல் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒருவர் எழுந்து நிற்பார், இன்னொருவர் ஓடுவார், பிறகு மொத்தக் கூட்டமும் அடித்துக்கொள்ளும். காருக்குள்ளும் அதுதான் நடந்தது. சின்னவன் முன்சீட்டின் முதுகை உதைத்தான். அடுத்த நிறுத்தம் எது என்று பெரியவள் நாலு முறை கேட்டுப் பதில் வராமல் போகவே, சின்னவனின் ஜன்னல் தனக்கு வேண்டும் என்றாள். இரண்டும் மைக்கம்மாவின் மடிக்குக் குறுக்கே கைநீட்டி அடித்துக்கொண்டன. தம்பி மனைவி எழுந்து தன் போனில் பாட்டுப் போட்டாள். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை, கடைசியில் போனே சார்ஜ் இல்லாமல் அணைந்தது. பிஸ்கட் கொடுத்தாள். அது சீட்டெல்லாம் தூளானது.

தம்பி தன் பங்குக்கு விடுகதை போடலாம் என்று உற்சாகமாக ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த விடுகதை இரண்டே இரண்டு. அது தீர்ந்ததும் வாய்ப்பாட்டில் இறங்கிவிட்டான். ஏழெட்டு எவ்வளவு என்று உல்லாசப் பயணத்தில் கேட்கிற அப்பனைப் பெற்ற பிள்ளைகள் என்ன செய்யும், ஊளையிடும். அவை ஊளையிட்டதும் அவன் கத்தினான், அவன் கத்தியதும் அவன் மனைவி அவன்மேல் கத்தினாள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று ஆனது வண்டி. அத்தனைக்கும் நடுவில் மைக்கம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் அவங்களப் பாரேன்."

"கண்டக்டர் டூட்டி முடிஞ்சிருச்சுப்பா."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. சின்னவனுக்கு மட்டும் வளைவுப் பாதையில் தலை சுற்றி முகம் வெளுத்தது. மைக்கம்மா பையை நீட்டிப் பிடித்தாள், வாய் துடைத்துவிட்டாள், தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளைமேல் அவளுக்கு என்ன கோபம். அத்தை, நான் தப்பா செக் பண்ணிட்டேனா என்று அவன் மெல்லக் கேட்டபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ சரியாகத்தான் செய்தாய், இந்த வண்டியிலேயே நீ ஒருவன்தான் ஒழுங்காக வேலை பார்த்தவன் என்றாள். அது முன்சீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

சாப்பிட நிறுத்திய இடத்துக்கு எதிரில் ஒரு சின்னப் பேருந்து நிலையம் இருந்தது. கழிப்பறை வரிசையில் நிற்கும்போது அங்கிருந்து அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், புதியவள் போலிருக்கிறது, விசிறியை அணைக்காமலே பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் புயலுக்கு நடுவிலும் தன் ஊருக்குத் திரும்பிப் போகிற வண்டி ஒன்று புறப்படத் தயாராக இருப்பது மைக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்கலாம்.

கால் இரண்டடி நகரவும் செய்தது. பிறகு நின்றாள். இப்போது போனால் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படும் என்று அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு முன்கோபம், சின்ன விஷயத்துக்கெல்லாம் நடுரோட்டில் இறங்கிப் போய்விட்டாள், பாவம் பிள்ளைகள் ஏங்கிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போய்விடும். அவனுக்கு அதைவிட வசதியான முடிவு எதுவுமில்லை. அந்த வசதியை அவனுக்குச் செய்து கொடுக்க அவள் தயாராக இல்லை.

வரிசையில் பின்னால் நின்ற தம்பி மனைவி, குரலைத் தாழ்த்தி, நான் அஞ்சு பேருக்குப் போடச் சொன்னேன் அண்ணி, அவர்தான் கேட்கவில்லை என்றாள். உண்மையாகவும் இருக்கலாம், இந்த நிமிஷத்துக்காகச் செய்த சமாதானமாகவும் இருக்கலாம். போன வருஷம் செருப்புகளை எண்ணி எண்ணி மடியில் வைத்தவள் இவள்தான். மைக்கம்மா ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டாள், உனக்கு அவசரம்போலத் தெரிகிறது, நீ முதலில் போ என்றாள்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பெரிய வளைவு, அதன்மேல் ஒரு பொம்மை யானை துதிக்கையை ஆட்டிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தலைகீழ் ரயில் உச்சிக்கு ஏறுவது வாசலிலிருந்தே தெரிந்தது. ஏறும்வரை கடகடவென்று சத்தம், பிறகு ஒரு நொடி நிசப்தம், பிறகு மொத்தமாகக் கூச்சல். வீடியோவில் அந்த ஒரு நொடி நிசப்தம் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் தலையை நிமிர்த்தியபடியே நின்றுவிட்டாள்.

டிக்கெட் கவுன்டரில் திரை இறக்கியிருந்தது. விடுமுறைக் கூட்டமாம், இன்றைக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பணியாள் சொன்னான். தம்பி இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். மூன்றாவது முறை கேட்டிருக்கலாம், மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். திரும்பி வந்தவனுடைய முகத்தில் வருத்தம் பூசியிருந்தது, அதன் அடியில் நிம்மதி தெரிந்தது.

பாருக்கா, நம்ம கையில் இல்லை என்றான். அடுத்த தடவை நிச்சயம் என்றான். அதோடு விட்டானா. மதில் ஓரமாகக் கையைக் காட்டி, அங்கே பார், நிழலாக நல்ல பெஞ்சு, காற்றும் வருகிறது என்றான். வண்டியை நிறுத்திவிட்டு வந்த அந்தச் சின்ன நேரத்துக்குள் அவளுக்கு இடம் பார்த்து முடித்திருந்தான். பைகளை அங்கே கொண்டுபோய் வைக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, நீங்க என் டிக்கெட்ல போங்க. நான் உக்காந்துக்கறேன்" என்றாள் தம்பி மனைவி.

மைக்கம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, தோள்பையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். அதைப் பார்த்ததும் மைக்கம்மாவுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. இவள் எழுந்தால் அவள், அவள் எழுந்தால் இவள். அந்தப் பெஞ்சு என்ன இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் செய்து போட்டதா.

"உன்னுது எனக்கு வேண்டாம்மா" என்றாள். "நீ எதுக்கு உக்காரணும்? டிக்கெட் போட்டது அவன். அவன் உக்காரட்டும்."

கூண்டில் பேசுகிற குரல் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரலும் இல்லை. தம்பி சிரித்தான், அக்கா வழக்கம்போலத் தமாஷ் பண்ணுகிறாள் என்று. யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினான்.

"நான்தானேக்கா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்" என்றான்.

"ஆமா, அலுத்துப்போயிருப்ப. உக்காந்து ரெஸ்ட் எடு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் குனிந்து சின்னவனுடைய ஷூக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. பெரியவளைப் பார்த்தான். அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் இரண்டு, சிறியவர்கள் இரண்டு, கணக்குச் சரியாக இருக்க வேண்டும், யார் பெயரில் யார் வருகிறார்கள் என்பது எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று கேட்காமலே சொன்னான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பணியாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ சீக்கிரம் என்றார்கள்.

தம்பி பெஞ்சைப் பார்த்தான். அதன்மேல் அவனே கொண்டுபோய் அடுக்கிய ஐந்து பைகள், ஒரு குடை, வாந்தி பட்டு அலசியதில் இன்னும் ஈரம் காயாத சின்னவனுடைய சட்டை. இதையெல்லாம் அவன் முதல் முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. அவன் முகம் சின்னப் பையனுடையதாகச் சுருங்கியது.

"சாயங்காலம் வரைக்கும் நான் ஒத்தையா இங்க என்னக்கா பண்றது?"

மிருகக்காட்சி சாலை வாசலில் அவனுக்கு இந்தக் கேள்வி வரவில்லை. மீன் பார்க்கப் போன இடத்திலும் வரவில்லை, செருப்புகளோடு அவளை உட்கார வைத்த அன்றைக்கும் வரவில்லை. தான் உட்கார வேண்டும் என்றதும் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. தம்பி மனைவி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்த பார்வையில், தான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

மைக்கம்மா அவனை அதட்டவில்லை. பெஞ்சு வரை கூடவே போனாள். பைகளை ஒருபக்கமாக ஒதுக்கி அவனுக்கு இடம் செய்தாள். டிக்கெட்டுகளை அவன் போனிலிருந்து தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். வழி தெரியாத பயணிக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"மத்தியானத்துக்கு மேல வெயில் இந்தப் பக்கம் திரும்பிடும், இப்பவே அந்த ஓரமா உக்காந்துக்கோ. எந்திரிச்சா வேற ஆளு உக்காந்துருவாங்க, எந்திரிக்காத. போன்ல ரொம்பப் பாக்காத, சார்ஜ் தீந்துச்சுன்னா எங்க இருக்கோம்னு கேக்கக்கூட முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் கைக்கு எட்டாத பையில் வைத்தாள். "தண்ணி கொஞ்சமா குடி. பையெல்லாம் விட்டுட்டு பாத்ரூம் போக முடியாது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் திரும்பிப் போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள்.